ஜான் மார்ட்டின் (கடலியலாளர்)

ஜான் மார்ட்டின் (பெப்ரவரி 27, 1935 – ஜூன் 18, 1993) ஓர் அமெரிக்கக் கடலியலாளர் ஆவார். பெருங்கடல்களின் பெரும் பரப்பில் மிதவை உயிரிகளின் (பிளாங்டன்) வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது இரும்புச்சத்துக் குறைபாடே என்பதைச் சோதனைகள் மூலம் காட்டியவர் இவர். இக்கருத்து இரும்புக் கருதுகோள் என்று அழைக்கப்படுகின்றது. பாலைவனத் தூசி, எரிமலைச் சாம்பல், காட்டுத்தீயின் புகை ஆகியன காற்றில் பறந்து சென்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடலின் உயிர்வாழ்வை மாற்றக்கூடும் என்பதற்கான அறிவியல் அடிப்படை இவருடைய ஆய்வுகளிலேயே உள்ளது.

கலிபோர்னியாவில் உள்ள மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகங்களின் இயக்குநராக இறக்கும் வரை பணியாற்றினார். தமது கருதுகோளைத் திறந்த கடலில் சோதிக்கும் முதற் பயணம் நடைபெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு காலமானார்.

இளமையும் கல்வியும்

மார்ட்டின் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், கடலோர ஊரான ஓல்ட் லைமில் பிறந்தார். இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் (போலியோ) தாக்கப்பட்டார். போலியோ தடுப்பு மருந்து பரவலாவதற்கு முந்திய காலம் அது. நோயிலிருந்து மீண்டாலும் கால்கள் வலுவிழந்தன. அதன் பின் வாழ்நாள் முழுதும் துணைக்கருவிகளின் உதவியுடனேயே நடமாடினார். மேய்ன் மாநிலத்தின் கோல்பி கல்லூரியில் பட்டம் பெற்று, ரோட் தீவுப் பல்கலைக்கழகத்தில் 1966 ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் புவேர்ட்டோ ரிக்கோ அணு மையத்தில் பணியாற்றினார். அணுவெடிகளைக் கொண்டு பனாமாப் பகுதியில் புதிய கால்வாய் ஒன்றைத் தோண்டும் திட்டம் அக்காலத்தில் அமெரிக்க அரசின் ஆலோசனையில் இருந்தது. வெடிப்பில் உண்டாகும் தனிமங்கள் கடல் உயிர்களுக்குள் எவ்வாறு செல்லும் என்று அறிய வேண்டியிருந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் கடல் நீரில் மிக நுண்ணிய அளவில் உள்ள உலோகங்களைப் பற்றிய ஆர்வம் மார்ட்டினிடம் நிலைத்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் மான்டெரே வளைகுடாக் கரையில் உள்ள மாஸ் லேண்டிங்கில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதன் இயக்குநரானார்.

தூய்மையான அளவீடு

கடல் நீரில் கரைந்துள்ள இரும்பை அளப்பது எளிதன்று. ஆய்வுக் கப்பல் இரும்பால் ஆனது. நீர் சேகரிக்கும் கலத்தை இறக்கும் கம்பி வடமும் அதைச் சுற்றும் உருளையும் இரும்பே. கப்பலில் உதிரும் துருவின் ஒரு துகள் மாதிரி நீரில் விழுந்தாலும் அளவு பலமடங்கு கூடிவிடும். இதனால் பல பத்தாண்டுகளாக வெளிவந்த அளவீடுகள் கடலில் இருந்த இரும்பை அல்லாமல், கப்பலில் இருந்த இரும்பையே பெருமளவில் காட்டின. கடலில் வேண்டிய அளவு இரும்பு இருப்பதாகவே அறிவியலாளரும் எண்ணியிருந்தனர்.

ஈயத்தின் அளவை ஆராய்ந்த கிளேர் பேட்டர்சன், மாசு கலவாத ஆய்வுக்கூட முறைகளை முன்னரே உருவாக்கியிருந்தார். மார்ட்டினும் அவரது குழுவினரும் அம்முறைகளை மற்ற உலோகங்களுக்கும் விரிவுபடுத்தினர். அமிலத்தில் கழுவிய நெகிழிக் கலங்கள், உலோகம் படாத வடங்கள், வடிகட்டிய காற்று நிரம்பிய அறை ஆகியவற்றைப் பயன்படுத்தினர். இவ்வாறு அளந்தபோது, கரையிலிருந்து தொலைவில் உள்ள மேற்பரப்பு நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குகள் மட்டுமே இரும்பு இருப்பது தெரியவந்தது. மார்ட்டினின் பிற்காலப் புகழுக்குக் காரணமான கருதுகோளைக் காட்டிலும் இந்தப் பொறுமையான அளவீட்டு வேலையே அடிப்படையானது எனலாம். இது இல்லாமல் அதனை நினைத்துப் பார்த்திருக்கவும் முடியாது.

இதே காலத்தில் வடகிழக்குப் பசிபிக்கில் நடந்த வெர்டெக்ஸ் என்னும் திட்டத்தில், மேற்பரப்பில் இறந்த உயிரிகளின் எச்சங்கள் ஆழத்திற்கு எவ்வளவு சென்று சேர்கின்றன என்பதை அளந்தனர். கடலில் தொங்கவிடப்பட்ட பொறிகளில் விழும் துகள்கள் எடைபோடப்பட்டன. 100 மீட்டர் ஆழத்தைக் கடக்கும் கரிமத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடே 1000 மீட்டர் ஆழத்தை அடைகின்றது என்பது இதில் கிடைத்த முடிவு. 1987ல் வெளியான இந்தத் தொடர்பு மார்ட்டின் வளைவு என்று இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இரும்புக் கருதுகோள்

தாவரங்களுக்கு நைட்ரேட்டு, பாஸ்பேட்டு ஆகிய உரங்கள் தேவை. கடலில் மிதக்கும் நுண்பாசிகளுக்கும் இவை தேவை. ஆயினும் தென்பெருங்கடல், நிலநடுக்கோட்டுப் பசிபிக், வடபசிபிக்கின் வடபகுதி ஆகிய மூன்று பெரும் பரப்புகளில் இவ்வுரங்கள் மிகுதியாக இருந்தும் பாசிகள் குறைவாகவே உள்ளன. இவை உலகக் கடற்பரப்பில் 20 முதல் 30 விழுக்காடு வரை ஆகும். இந்தப் புதிருக்கு இரும்புக் குறைபாடு காரணமாகலாம் என்று 1930களிலேயே நார்வேயின் கிரானும் இங்கிலாந்தின் ஹார்ட்டும் கருதினர். அதைச் சோதிக்கும் கருவிகள் அன்று இல்லை.

பச்சையத்தை உருவாக்கவும், ஒளிச்சேர்க்கையில் மின்னணுக்களைக் கடத்தவும், நைட்ரேட்டைப் பயன்படுத்தும் நொதிகளுக்கும் இரும்பு தேவைப்படுகின்றது. உணவு இருந்தும் இரத்தசோகை கண்ட உடல் சோர்ந்து கிடப்பதைப் போன்றதே இந்தக் கடல்களின் நிலை. இரும்பு கடலுக்கு ஆறுகள் வழியாகவும், கடலடி வண்டலிலிருந்தும், காற்றின் வழியாகவும் வருகின்றது. ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தைக் கடந்து சென்னையில் கடலில் சேரும் கூவம் போன்ற ஒரு சிற்றாறு கூடத் தன் வண்டலோடு இரும்பைக் கொண்டு சேர்க்கின்றது. ஆனால் அந்த இரும்பு கரையோரத்திலேயே படிந்துவிடும். ஆக்சிசன் நிறைந்த கடல் நீரில் இரும்பு விரைவில் துருவாகி மூழ்கிவிடுவதே இதன் காரணம். எனவே நடுக்கடலுக்குக் காற்று கொண்டுவரும் தூசியும் சாம்பலும் முதன்மையான வழிகளுள் ஒன்றாகின்றன.

மார்ட்டினின் குழுவினர் அலாஸ்கா வளைகுடா நீரைத் தூய கலங்களில் எடுத்து, சிலவற்றில் மட்டும் மிகச் சிறிதளவு இரும்பைச் சேர்த்தனர். இரும்பு சேர்த்த கலங்களில் பாசிகள் பெருகி நைட்ரேட்டை உண்டு தீர்த்தன. மற்றவற்றில் வளர்ச்சி மந்தமாகவே இருந்தது. ஸ்டீவ் பிட்ஸ்வாட்டருடன் இணைந்து மார்ட்டின் எழுதிய இதன் முடிவு 1988ல் நேச்சர் ஆய்விதழில் வெளியானது. அண்டார்க்டிக் நீரிலும் பின்னர் இவ்வாறே சோதனை செய்யப்பட்டது.

1990ல் மார்ட்டின் இதை மேலும் விரித்தார். அண்டார்க்டிக்காவின் வோஸ்டாக் பனி உள்ளகத்தில், பனியூழிக் காலத்து அடுக்குகளில் தூசி மிகுதியாகவும் கரியமில வாயு குறைவாகவும் இருந்தன. அன்று வறண்ட நிலங்களிலிருந்து வீசிய தூசி தென்பெருங்கடலுக்கு இரும்பூட்டியிருக்கும் என்றும், பெருகிய பாசிகள் வளிமண்டலக் கரிமத்தை உறிஞ்சி ஆழத்திற்கு அனுப்பியிருக்கும் என்றும் அவர் வாதிட்டார். பனியூழிக் காலத்தில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 180 பங்காகவும், இடைப்பட்ட வெப்பக் காலங்களில் 280 பங்காகவும் இருந்தது. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதிக்கு மட்டுமே தூசி காரணமாகும் என்பது பிற்கால ஆய்வாளர்கள் பலரின் கருத்தாகும்.

எழுந்த சர்ச்சை

1988 ஜூலையில் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் ஆற்றிய உரையில், அரைக் கப்பல் இரும்பு கிடைத்தால் ஒரு பனியூழியையே வரவழைத்துக் காட்டுவதாக மார்ட்டின் வேடிக்கையாகக் கூறினார். அவையோர் சிரித்தனர். ஆனால் அப்பேச்சு செய்தித்தாள்களுக்குச் சென்று, புவி வெப்பமடைதலுக்கு மலிவான மருந்து கிடைத்துவிட்டது என்ற தோற்றத்தை உருவாக்கியது. இரும்பு மனிதர் என்ற பட்டப்பெயரும் அவருக்கு ஏற்பட்டது.

எதிர்ப்பும் வலுத்தது. பாசிகளை உண்ணும் விலங்குகளே அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகின்றன என்று ஒரு சாரார் வாதிட்டனர். குப்பியில் நடப்பது கடலில் நடக்காது என்பதும் அவர்கள் வாதம். வேறு சிலர், கடலின் உணவு வலையில் தலையிடுவது எங்கே போய் முடியும் என்று அஞ்சினர். 1991ல் அமெரிக்க நீரியல், கடலியல் ஆய்வாளர் கழகம் இதற்கெனக் கருத்தரங்கு நடத்தி, கடலுக்கு இரும்பூட்டுவதைக் கரிம வெளியீட்டைக் குறைப்பதற்கு மாற்றாகக் கொள்ளக்கூடாது என்று தீர்மானித்தது. மார்ட்டின் வேண்டியது கடலிலேயே ஒரு சோதனை. குப்பிகளைப் பற்றிய ஐயம் அதனால்தான் தீரும்.

இதற்கிடையில் 1989 அக்டோபர் 17ல் நேர்ந்த லோமா பிரீட்டா நிலநடுக்கத்தில் மாஸ் லேண்டிங் ஆய்வகக் கட்டடம் அழிந்தது. ஆய்வகம் தற்காலிக இடத்திலிருந்து பல ஆண்டுகள் இயங்கியது. இயக்குநரான மார்ட்டின் இந்நிலையிலேயே கடற்சோதனைக்கான ஏற்பாடுகளையும் செய்துவந்தார்.

இறப்பும் முதற் கடற்சோதனையும்

மார்ட்டின் புற்றுநோயால் 1993 ஜூன் 18ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. அதே ஆண்டு அக்டோபரில், கென்னத் கோல் தலைமையில் கலாபகஸ் தீவுகளுக்குத் தெற்கே 64 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 450 கிலோ இரும்பு கரைசலாகத் தெளிக்கப்பட்டது. பச்சையத்தின் அளவு ஏறத்தாழ மும்மடங்கானது. ஆனால் சில நாட்களில் அந்த நீர்த்திட்டு வேறு நீருக்கு அடியில் சென்றுவிட்டதால் முழு விளைவையும் காண இயலவில்லை. 1995ல் மீண்டும் செய்தபோது ஐயத்திற்கு இடமின்றிக் கடல் பச்சை நிறமானது. பச்சையம் முப்பது மடங்கு அளவிற்குப் பெருகியது. பாசி வளர்ச்சி பற்றிய மார்ட்டினின் கருத்து உறுதியானது. பெருகிய பாசியின் கரிமம் ஆழத்திற்குச் சென்று தங்குகின்றதா என்ற கேள்விக்கு இன்னும் ஒரே விடை கிடைக்கவில்லை.

இந்தியாவின் பங்கு: லோகாபெக்ஸ்

2009ல் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்பிரட் வெகனர் நிறுவனமும் இணைந்து லோகாபெக்ஸ் என்னும் சோதனையை நடத்தின. இப்பெயரில் உள்ள லோகா, இரும்பைக் குறிக்கும் இந்திச் சொல்லாகும். தமிழில் வழங்கும் உலோகம் என்ற சொல்லும் அதன் உறவே. வாஜிக் நக்வியும், கொல்கத்தாவில் பிறந்த விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை ஆய்வாளர்கள். போலார்ஸ்டெர்ன் கப்பல் ஜனவரி 7ல் கேப் டவுனிலிருந்து புறப்பட்டது.

அப்போது பன்னாட்டு உயிரியற் பன்மய உடன்படிக்கை, கடலுக்கு இரும்பூட்டும் முயற்சிகளைத் தடுத்துநிறுத்தக் கோரியிருந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகளின் எதிர்ப்பால் கடலில் இருந்த கப்பலின் பணி சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, ஜனவரி இறுதியிலேயே அனுமதி கிடைத்தது. தென் அட்லாண்டிக்கில் ஒரு நீர்ச்சுழலின் நடுவே 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புச் சல்பேட்டுக் கரைசல் கலக்கப்பட்டது.

பாசிகள் பெருகின, ஆனால் எதிர்பார்த்த அளவிற்கு அல்ல. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம் வகைப் பாசிகளே கனமாக இருப்பதால் விரைந்து மூழ்கும். அந்நீரில் சிலிக்கா ஏற்கனவே தீர்ந்திருந்தமையால் டயட்டங்கள் வளரவில்லை. வளர்ந்த மெல்லிய பாசிகளைக் கோப்பெபோடு எனப்படும் நுண்ணிய கடல் விலங்குகள் மேய்ந்தன. அவற்றை ஆம்பிபோடு எனப்படும் சற்றுப் பெரிய விலங்குகள் உண்டன. ஆழத்திற்குச் சென்ற கரிமம் சிறிதளவே. இரும்பு மட்டும் போதாது என்பதை இச்சோதனை தெளிவாகக் காட்டியது. மார்ட்டினின் எதிர்ப்பாளர்கள் சொன்ன மேய்ச்சல் வாதத்திலும் உண்மை இருந்தது.

சாம்பலும் கடலும்

மனிதர் செய்த சோதனைகளை விடப் பெரிய சோதனைகளை இயற்கை செய்துள்ளது. 2008 ஆகஸ்டில் அலூசியன் தீவுகளில் உள்ள கசாடோச்சி எரிமலை வெடித்து, அதன் சாம்பல் வடகிழக்குப் பசிபிக்கில் பரவியது. மார்ட்டின் குப்பிகளில் நீர் எடுத்த அதே அலாஸ்கா வளைகுடாவில் பாசிகள் பெருமளவில் பூத்தன. எனினும் அதனால் உறிஞ்சப்பட்ட கரியமில வாயு அதிகமில்லை.

2019-2020 கோடையில் ஆஸ்திரேலியாவில் மூண்ட காட்டுத்தீ இன்னும் தெளிவான சான்று ஆகும். அத்தீ ஏறத்தாழ 71.5 கோடி டன் கரியமில வாயுவை வெளியிட்டதாகக் கணிக்கப்பட்டுள்ளது. புகை கிழக்கு நோக்கிச் சென்ற வழியில், நியூசிலாந்துக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடைப்பட்ட தென்பெருங்கடலில், ஆஸ்திரேலியாவை விடப் பெரிய பரப்பில் பாசிகள் பெருகியதைச் செயற்கைக்கோள்களும் மிதவைக் கருவிகளும் பதிவு செய்தன. 2021ல் வெளியான ஆய்வு, புகைத்துகள்களில் இருந்த இரும்பே இதற்குக் காரணம் என்றது. எரிந்த காடு விட்ட கரிமத்தைக் கடல் எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பதே இங்கும் தீராத கேள்வி. பாசி மேற்பரப்பிலேயே உண்ணப்பட்டு மட்கினால், கரிமம் மீண்டும் காற்றுக்கே வந்துவிடும்.

சாம்பலால் எப்போதும் நன்மையே விளைவதில்லை. 1997ல் இந்தோனேசியாவில் காடுகள் எரிந்தபோது, சுமத்திராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள மென்டவாய் தீவுகளைப் புகை சூழ்ந்தது. அதே காலத்தில் ஆழ்நீர் மேலெழுந்து உரங்களையும் கொண்டுவந்தது. கடலில் செம்பாசிப் பெருக்கம் உண்டாகி, அது மட்கியபோது நீரில் ஆக்சிசன் குறைந்து பவளப்பாறைகளும் மீன்களும் மாண்டன. புகையின் இரும்பே பெருக்கத்தைத் தூண்டியது என்று 2003ல் ஆய்வாளர்கள் கூறினர். ஆழ்நீரே போதிய காரணம் என்ற மாற்றுக் கருத்தும் உண்டு. மேலும், பசிபிக்கின் நடுக்கடல் நீரில் இரும்பு சேர்க்கும்போது பெருகும் சில டயட்டங்கள் டொமோயிக் அமிலம் என்னும் நரம்பு நஞ்சைச் சுரப்பதாக 2010ல் வெளியான ஆய்வுகள் காட்டின. மார்ட்டினின் காலத்தில் இது அறியப்படவில்லை.

சாம்பலில் இரும்பு மட்டுமன்றி நைட்ரசன், பாஸ்பரசு ஆகியனவும், செம்பு போன்று அளவு மீறினால் பாசிகளைக் கொல்லும் உலோகங்களும் உள்ளன. எந்தக் கடலில் எது குறைவோ அதைப் பொறுத்தே விளைவு அமையும். காற்றில் வரும் இரும்பில் எவ்வளவு நீரில் கரையும் என்பதும் முக்கியமாகும். அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் இந்தியாவின் இரு பக்கக் கடல்கள் மீதும் இதை அளந்தனர். அரபிக்கடலின் மேல் வரும் பாலைவனத் தூசியில் கரையும் இரும்பு ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. கங்கைச் சமவெளியின் புகையும் தொழிற்சாலை மாசும் கலந்த காற்று வீசும் வங்காள விரிகுடா மீது அது சில மாதிரிகளில் 20 விழுக்காட்டையும் தாண்டியது. தூசி குறைவாகவும் புகை மிகுதியாகவும் உள்ள காற்றே பாசிகளுக்கு எளிதில் கிட்டும் இரும்பைத் தருகின்றது என்பது இதன் பொருள். ஆயினும் பேராறுகளின் வண்டல் சேரும் வங்காள விரிகுடாவின் வடபகுதியில் இரும்பு பெரும்பாலும் குறைபாடாக இருப்பதில்லை. அரபிக்கடலில், ஓமன் கரைக்கு அப்பால், தென்மேற்குப் பருவக்காற்றின் இறுதியில் இரும்புக் குறைபாடு தோன்றுவதாக நக்வி குழுவினர் 2010ல் தெரிவித்தனர்.

நினைவு

மாஸ் லேண்டிங் ஆய்வகம் நிலநடுக்கத்திற்குப் பின் புதிய கட்டடம் பெற்று 2000ல் மீண்டும் தன் ஊருக்குத் திரும்பியது. பின்னர் அது தனது ஆய்வுப் படகு ஒன்றுக்கு ஜான் மார்ட்டினின் பெயரைச் சூட்டியது.